கொழுப்புக்கும் இரத்தம் வேண்டும்

தொந்தியில் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பு அல்ல, உயிருள்ள திசு. அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். கொழுப்பணு பெருக்கப் பெருக்க, ஆக்சிஜன் அதன் எல்லா மூலைக்கும் போய்ச் சேருவதில்லை. அப்போது அது வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கிறது. பக்கத்து இரத்தக்குழாய் அதை உணர்ந்து, அந்தத் திசையில் புதுக் கிளை விடுகிறது.

1989-இல் அமெரிக்காவில் நெப்போலியோன் ஃபெராரா குழுவினர் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டார்கள். புதுக் குழாய் முளைக்காமல் தடுத்தால் புற்றுக்கட்டி வளராது என்று 1971-லேயே சொன்னவர் ஜூடா ஃபோக்மன். அவர் குழு அப்படித் தடுக்கும் மருந்துகளைப் பருத்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. எலிகள் இளைத்தன, முடிவு 2002-இல் வெளியானது.

குழாயை அறுத்தால் கொழுப்பு ஒழியும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியவில்லை. பத்தாண்டுக்குப் பின், கொழுப்பில் இந்தப் புரதம் கூடுதலாகச் சுரக்கும்படி மாற்றப்பட்ட எலிகளுக்குக் கொழுப்பான தீனி போட்டார்கள். அவை மற்ற எலிகள் அளவுக்குப் பருக்கவில்லை; இன்சுலினும் நன்றாக வேலை செய்தது! ஏற்கெனவே பருத்துவிட்ட எலிக்குத் தடுப்பு உதவுகிறது; பருக்கத் தொடங்கும் எலிக்குக் குழாய் வளர்ச்சி உதவுகிறது. எந்தக் கட்டத்தில் என்பதுதான் முக்கியம்.

தாமான் வீட்டை முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிவிட்டு, தண்ணீர்க் குழாயைப் பழைய அளவிலேயே விட்டால் என்ன ஆகும்? தொந்திக் கொழுப்பிலும் அதுவே நடக்கிறது. இரத்தம் எட்டாத இடத்தில் அழற்சி வருகிறது, நார் படிகிறது. அங்கே இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்த் தங்குகிறது. இனிப்பு நீருக்கு அது ஒரு முக்கிய வழி.

சுங்கை சிப்புட், தாப்பா பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, பால்மரம் சீவி, வாளி சுமந்து நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஈப்போவில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். சோறும் தே தாரிக்கும் குறையவில்லை; நடைதான் போய்விட்டது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4 விழுக்காடு. இந்த எண் எனக்குக் கவலை தருகிறது. நம்மவர்களுக்கு அதிகம் பருக்காமலே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடும். தராசு அதைக் காட்டாது.

இந்தப் புரதத்தை வைத்து உடல் பருமனுக்கு மருந்து இன்னும் வரவில்லை. நடந்தால் தசையில் வி.இ.ஜி.எஃப். கூடிப் புது நுண்குழாய்கள் முளைக்கும்; அதற்குச் செலவில்லை. இன்றே இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தொட்டிருந்தால், அரசாங்க கிளினிக்குக்குப் போய் இரத்தத்தில் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.