பாட்டு வெளியாகும் முன் எழுதவேண்டிய தாள்

பாவூர்சத்திரம் வட்டாரக் கோயில் கொடை விழாக்களில் வில்லிசையும் நையாண்டி மேளமும் நடக்கும்போது இப்போது கேமராவும் கூடவே வந்துவிடுகிறது. விடிவதற்குள் பாட்டு யூடியூபில் ஏறிவிடும். கொடைக்கு என்ன தொகை, எவ்வளவு முன்பணம் என்று குழுவோடு முன்கூட்டியே பேசிவிடுகிறார்கள். பதிவான பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு மட்டும் எழுவதில்லை. அது பேசப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதை, சினிமாவைச் சாராமல் தமிழில் வெளிவந்து உலகெங்கும் ஒலித்த ஒரு பாட்டே காட்டுகிறது.

‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச் 7 அன்று வெளியானது. பாடகி தீயும் ராப் கலைஞர் அறிவும் பாடினார்கள், இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன், வீடியோவை இயக்கியவர் அமித் கிருஷ்ணன், வெளியிட்டது ஏ.ஆர். ரகுமானின் ஆதரவோடு தொடங்கிய மாஜா தளம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய தன் முன்னோரின் வாழ்வையும், பாட்டி வள்ளியம்மாளையும், ஒப்பாரியையும் அறிவு அதற்குள் கொண்டுவந்தார். பார்வைகள் பல கோடியைத் தாண்டின. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அதைப் பொதுவெளியில் கண்டித்தார். 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையிலும் அறிவு இல்லாமலே பாட்டு ஒலித்தது. பாட்டை உருவாக்கி, எழுதிப் பாடியவன் நான் என்று அவர் அறிவித்தார். கூட்டாகப் பிறந்த பாட்டு என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் அப்போது தெரிவித்தார். அதே சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில், பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு பைசாவும் வரவில்லை என்றார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பது இங்கே நோக்கமில்லை. தங்களுக்குள் சமமாகப் பிரித்துக்கொள்வோம் என்ற முடிவு மட்டும் போதவில்லை. பணம் வந்துசேரும் வழியும் பெயர் இடம்பெறும் முறையும் எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டபடி தெளிவாக இருந்திருந்தால் மூன்று வருடம் இப்படிப் போயிருக்காது.

சட்டம்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, நல்ல சட்டம்தான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரி எழுதியவருக்கு ஓர் உரிமை, மெட்டமைத்தவருக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்குத் தனி உரிமை. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகளுக்கு உண்டு. அவர்கள் சம்மதமில்லாமல் பதிவு செய்யக்கூடாது. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் ராயல்டியில் சமபங்கு பெறுவதைக் கவிஞரும் இசையமைப்பாளரும் இழக்கமாட்டார்கள் என்று 2012 திருத்தம் உறுதி செய்தது. ஆனால் வரி யாருடையது, மெட்டு யாருடையது என்பதைச் சட்டம் தானாகக் கண்டுபிடிக்காது. ஒரே அறையில் ஒருவர் முணுமுணுக்க இன்னொருவர் நீட்டிப் பிறக்கும் பாட்டில் அது நாலு பேரின் ஞாபகத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஞாபகம் பாட்டு ஓடியபிறகு மாறும்.

ஊர்ப் பாட்டு எல்லாருக்கும் பொது, அதில் ஏன் பெயர்ச் சண்டை என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. தலைமுறைகளாகப் பாடிவரும் ஒப்பாரி மெட்டுக்கு எவரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் பொதுச்சொத்தைப் பதிவு செய்பவருக்கு அந்தப் பதிவின்மேல் புதிய உரிமை பிறந்துவிடுகிறது. யாருடையதும் அல்ல என்று பாடியவர் ஒதுங்கினால், எஞ்சுவது கேமரா வைத்திருந்தவரின் உரிமைதான். நம் நாட்டில் அந்தப் பாடியவர் பெரும்பாலும் சாதியாலும் வறுமையாலும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர். அதனால்தான் இதை வெறும் பெயர்ச் சண்டை என்று தள்ளிவிட முடியவில்லை.

வில்லிசைக் குழு வக்கீலுக்கு எங்கே போகும்? போகத் தேவையில்லை. உரிமை மாற்றம் எழுத்தில் இருந்து, கொடுப்பவர் கையெழுத்தும் இருக்கவேண்டும் என்பதே சட்டத்தின் அடிப்படை நிபந்தனை. எழுதியவர், பாடியவர், வாசித்தவர் பெயர்கள், எந்தப் பாட்டு, எந்தச் சேனல், வரும் பணத்தில் யாருக்கு எவ்வளவு, எத்தனை வருடம் என்று முன்பணம் வாங்கும்போதே ஒரு தாளில் தமிழில் எழுதலாம். எத்தனை வருடம் என்று எழுத மறந்தால் 5 ஆண்டு என்றும், எந்த இடம் என்று எழுத மறந்தால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.