பதின்மூன்று வயதில் பேச்சு குறைகிறதா?

ஆறாம் ஆண்டு வரை, பள்ளியில் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்த பிள்ளை அவன். இடைநிலைப்பள்ளியில் கால் வைத்ததும், "ஸ்கூல் எப்படிப்பா?" என்று கேட்டால் "ஓகே" என்ற ஒரே சொல்லோடு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடானாலும் கிள்ளான் தாமான் வீடானாலும், பல பெற்றோர்களுக்கு இது பழகிய காட்சிதான். "பெரிய பள்ளிக்குப் போனதும் திமிர் வந்துவிட்டது" என்று நாமும் முடிவுகட்டிவிடுகிறோம்.

திமிரா அது? இந்த வயதில் நம் பிள்ளைகள் இரண்டு பெரிய மாற்றங்களை ஒரே நேரத்தில் சந்திக்கிறார்கள்.

முதலாவது, உடலும் மூளையும். 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மூளையில் ஆசையையும் உணர்ச்சியையும் தூண்டும் பகுதிகள் இப்போது வேகமெடுக்கின்றன. "பொறு, யோசி" என்று நிதானப்படுத்தும் முன்பகுதி முழுமையாக முதிர்வதோ ஏறத்தாழ 25 வயதில்தான்.

இதோடு நண்பர்களின் பார்வையும் சேர்ந்துகொள்கிறது. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இளையோரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை விளையாட வைத்தார்கள். தனியாக விளையாடியபோது இருந்ததைவிட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்ம வயதினர் அதிகம் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. பதின்ம வயதில் நண்பன் என்ன நினைப்பான் என்பதே பெரிய விஷயம்.

இரண்டாவது மாற்றம் மொழி. தமிழ்ப்பள்ளியில் கணிதமும் வரலாறும் தமிழில் படித்த பிள்ளை, தேசிய இடைநிலைப்பள்ளியில் அவற்றை மலாய்மொழியில் படிக்க வேண்டும். வகுப்பில் பதில் தெரிந்தும் சொல் வராமல் நிற்பது, நண்பர்களின் கண்ணுக்கு அஞ்சும் வயதில் சிறிய வலியல்ல.

மலாய்மொழியில் போதிய நிலையை எட்டாதவர்கள் முதலாம் படிவத்திற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்கிறார்கள். நம் பேச்சுவழக்கில் அது 'ரிமூவ்'. கூடப் படித்தவன் முன்னே போக, இவன் 17 வயதுக்குப் பதில் 18 வயதில் எஸ்பிஎம் எழுதுவான். இந்த நிலையில் உறவினர் கூடிய விருந்தில், "இவன் ரிமூவ்தான், ஒரு வருஷம் போச்சு" என்று நாமே சொன்னால், பிள்ளை அதற்குப் பிறகு எதை நம்பி நம்மிடம் பேசுவான்? மொழியில் காலூன்றக் கிடைத்த ஆண்டு அது. அவன் அறிவுக்கு இட்ட மதிப்பெண் அல்ல.

என்ன செய்யலாம்?

கேள்விகளைக் குறைத்து, கூட இருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். எதிரெதிரே உட்கார வைத்து விசாரித்தால் வாய் திறக்காத பிள்ளை, காரில் போகும்போதோ சமையலறையில் வெங்காயம் உரிக்கும்போதோ தானாகப் பேசக்கூடும்.

தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். இந்த வயதில் உடலின் தூக்கக் கடிகாரமே பின்தள்ளிப்போகிறது. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. கைத்தொலைபேசி இரவில் வரவேற்பறையில் தூங்கட்டும். அப்பா அம்மாவுடையதும் அங்கேயே இருந்தால் வாக்குவாதம் குறையும்.

தமிழ் வகுப்பை விட்டுவிடாதீர்கள். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர்கள் கேட்டுக்கொண்டால், தேசியப் பள்ளியிலும் தமிழ் கற்பிக்க 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடமளிக்கிறது. மற்ற பாடங்களில் தடுமாறும் பிள்ளைக்கு, தயங்காமல் கை தூக்க ஒரு வகுப்பாவது கிடைக்கும்.

எல்லா மௌனமும் வளர்ச்சி என்று விட்டுவிடவும் கூடாது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோகம், சாப்பாட்டில் வெறுப்பு, பள்ளிக்குப் போக மறுப்பு என்றால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரையோ மருத்துவரையோ உடனே பாருங்கள். "வாழப் பிடிக்கவில்லை" என்ற பேச்சு வந்தால், பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மனம்விட்டுப் பேச பிஃபிரண்டர்ஸ் கோலாலம்பூர் (03-7627 2929), அரசாங்கத்தின் தாலியான் காசே (15999) இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

சாத்திய கதவை உடைக்க வேண்டாம். தட்டிவிட்டு, ஒரு கோப்பை மைலோவோடு காத்திருங்கள். திறக்கும்போது நாம் அங்கே இருந்தால் போதும்.