புதிய கிட்டாருக்குப் புதிய பிக்கப் தேவையா?

மாணவர்களே, நீங்கள் கோலா கங்சாரில் ஐந்தாம் படிவம் படிப்பதாக வைத்துக்கொள்வோம். தீபாவளி அங்பாவ் பணத்தைச் சேர்த்து, ஈப்போவுக்குப் போய் ஒரு மின்கிட்டார் வாங்கி வந்துவிட்டீர்கள். வாசித்தால் ஒலி சற்று மந்தமாக இருக்கிறது. "கம்பெனி பிக்கப் அப்படித்தான். கழற்றிவிட்டு வேறு போடு" என்கிறார் நண்பர். புதிய பிக்கப்போ கிட்டார் விலையில் பாதியைக்கூடத் தொடும். மாற்றலாமா, வேண்டாமா? முடிவெடுக்க உங்கள் இயற்பியல் பாடமே உதவும்.

பிக்கப் எப்படி வேலை செய்கிறது?

தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி ஒரு கம்பிச்சுருளும் இருக்கும். தலைமுடி அளவே தடிமனுள்ள செப்புக் கம்பி அதில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளைக் கடக்கும் காந்தப் பாயம் மாறுகிறது. உடனே சுருளில் மின்னழுத்தம் உண்டாகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். அந்தச் சிறு மின்னழுத்தத்தை ஆம்ப் பெருக்கி ஒலியாக்குகிறது. நைலான் தந்தி மாட்டினால் இந்தப் பிக்கப்புக்கு ஒன்றும் கேட்காது.

விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலும் செராமிக் காந்தம் இருக்கும். விலை கூடிய பலவற்றில் இரும்புடன் அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த அல்நிகோ காந்தம் இருக்கும். காந்தமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறினால் ஒலி மாறும் என்பது உண்மை. ஆனால் செராமிக் என்றாலே மட்டம் என்று பொருளல்ல.

முதலில் சிறு சோதனைகள்

தமிழ்ப்பள்ளி அறிவியலில் படித்த தற்சார்பு மாறி நினைவிருக்கிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டை வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

தந்தி: நம் ஊர் ஈரக்காற்றிலும் விரல் வியர்வையிலும் தந்தி விரைவில் துருப்பிடிக்கும். அழுக்கேறிய தந்தியில் ஒலியின் பளிச்சென்ற தன்மை மங்கிவிடும். கடையில் பல மாதம் தொங்கிய கிட்டாரில் இதுவே காரணமாக இருக்கலாம்.

உயரம்: பிக்கப்பின் இருபுறமும் உள்ள திருகாணிகள் அதை ஏற்றி இறக்கும். கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே சுமார் 2 மில்லிமீட்டர் வைத்துத் தொடங்குங்கள். விலகினால் ஒலி குறையும். மிக நெருங்கினால் காந்தம் தந்தியைப் பிடித்திழுக்கும். சுரம் சீக்கிரம் அடங்கும், சுருதியும் தடுமாறும். கமகம் வாசிக்க நீண்டு ஒலிக்கும் சுரம் வேண்டும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சாதாரண எட்டுத் தந்தி மாண்டலினை விட்டு, ஐந்து தந்தி கொண்ட மின் மாண்டலினில் கர்நாடக இசை வாசித்ததை எண்ணிப் பாருங்கள்.

கேபிள்: கேபிள் ஒரு மின்தேக்கியைப் போலவும் செயல்படும், மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட். அது சுருளோடு சேர்ந்து எந்த அதிர்வெண் எடுப்பாகக் கேட்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2.5 ஹென்றி தூண்டல் உள்ள பிக்கப்பில், மற்ற பாகங்களுக்கு 100 பிக்கோஃபாரட் சேர்த்துக் கணக்கிட்டால், 6 மீட்டர் கேபிளில் அது சுமார் 3,800 ஹெர்ட்ஸ். 3 மீட்டர் கேபிளில் சுமார் 5,000 ஹெர்ட்ஸ். கேபிளைக் குறுக்கினாலே ஒலி தெளிவாகும்!

எப்போது மாற்றலாம்?

வால்யூமை முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரி இல்லாத பிக்கப்பில் வழக்கமாக 5,000 முதல் 16,000 ஓம் வரை காட்டும். இலட்சக்கணக்கில் காட்டினால் சுருள் அறுந்திருக்கலாம். கிட்டார் புதியது என்றால் நீங்களே திறக்காதீர்கள். உத்தரவாதம் இருக்கும்போதே கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஒற்றைச்சுருள் பிக்கப்பில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்பது இயல்பு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதால் வருவது அது. 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் உண்டு. அவற்றில் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் கூடும். இரைச்சல்தான் உங்கள் தொல்லை என்றால் பிக்கப்பை மாற்றுவதில் நியாயம் உண்டு. ஆனால் ஹம்பக்கர் அகலமானது. உங்கள் கிட்டாரின் குழியில் பொருந்துமா என்று முதலில் அளந்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. சற்று உரக்கக் கேட்பதையே நல்ல ஒலி என்று காது ஏற்றுக்கொள்ளும். அதனால் உங்கள் பதிவுகளையும், வாங்க நினைக்கும் பிக்கப் பொருத்திய கிட்டாரில் நீங்கள் அதே பாட்டை வாசித்த பதிவையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவாருங்கள். எது எது என்று சொல்லாமல் தங்கையை ஒலிக்கவிடச் சொல்லிக் கேளுங்கள். பத்து முறையில் ஒன்பது முறை சரியாகச் சொல்லி, புதியதே பிடித்தும் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்த வெள்ளியில் நல்ல தந்திகள் வாங்கிக்கொண்டு, மீதியை உண்டியலிலேயே விட்டுவிடுங்கள்.