பேராசிரியருக்கு எண்ணிக்கை உண்டு, ஆய்வக ஊழியருக்கு?

புதுதில்லி: தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டம், கோழிப்பாறை அருகே தாற்காலிக வளாகத்தில் 2015 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது பாலக்காடு ஐஐடி. அதற்கான சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் 2016-இல் நிறைவேற்றியது. பாலக்காடு, திருப்பதி, பிலாய், ஜம்மு, தார்வாட் ஆகிய ஐந்து ஐஐடிகளின் விரிவாக்கத்துக்கு ரூ. 11,828.79 கோடி வழங்க 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நான்கு ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை 7,111-லிருந்து 13,687 ஆக உயரும். கூடுதலாக 130 பேராசிரியர் பணியிடங்கள் உருவாக்கப்படும்.

ஆனால், ஆய்வகங்களை இயக்கும் தொழில்நுட்ப ஊழியர்கள் எத்தனை பேர் கூடுதலாக வருவார்கள்? துணைப் பணியாளர் நியமனம் பற்றிய பொதுவான குறிப்பு மட்டுமே அறிவிப்பில் உண்டு, எண்ணிக்கை இல்லை.

மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்கானால் செய்முறை வகுப்புகளும் பெருகும். வகுப்புக்கு முன் கருவிகளைச் சரிபார்ப்பது, வகுப்பின்போது பாதுகாப்பைக் கவனிப்பது, பின்னர் இருப்புப் பதிவேட்டை எழுதுவது என அனைத்தும் ஆய்வக ஊழியரின் பொறுப்பு. கருவி பழுதானால் கேள்வி கேட்கப்படுவதும் அவரே. அதை எப்போது பழுதுபார்ப்பது, புதிதாக எதை வாங்குவது என்பதை முடிவு செய்பவர்களோ வேறு சிலர். வேலைப்பளு மிகுந்து, முடிவெடுக்கும் உரிமை குறைந்த பணியில்தான் மன அழுத்தம் மிகுதி என்பதை அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் காரசெக் 1979-இலேயே விளக்கியுள்ளார்.

இப்பிரச்னை ஐஐடிகளோடு முடிவதில்லை. இடுக்கி மாவட்டம், பைனாவில் 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசுப் பொறியியல் கல்லூரியைப் போல மலையில் அமைந்த கல்வி நிலையங்களுக்குப் பெருநகரங்கள் வெகு தொலைவு. அங்கே கருவி பழுதாகும்போது முதலில் கைகொடுக்க வேண்டியவர் ஆய்வக ஊழியரே.

ஒப்பந்தப் பணியாயின் நாளைய வேலை குறித்த அச்சமும் சேர்ந்துகொள்கிறது. நிரந்தரத் தன்மையுள்ள பணிகளை ஆண்டுக்கணக்கில் தாற்காலிக ஊழியர்களைக் கொண்டு நடத்துவதை, ஜக்கோ வழக்கில் 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கண்டித்தது.

மன அழுத்தத்தைக் குறைக்க யோகா வகுப்பும் ஆலோசனை முகாமும் நல்லவைதான். எனினும், பணிச்சூழலையே சீர்படுத்துவதும் மேலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் அவசியம் என 2022-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. போதிய ஆள்பலம், பழுதுபார்ப்புக்குத் தனி நிதி, கருவிகள் வாங்கும் குழுவில் ஆய்வக ஊழியருக்கும் இடம், உரிய காலத்தில் பதவி உயர்வு ஆகியவை அழுத்தத்தைக் குறைக்கும். ஆய்வகமும் தடையின்றி இயங்கும்.

கல்வி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை அவைக்கு வரும்போது தமிழக, கேரள எம்.பி.க்கள் எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்றே: பேராசிரியர்கள் 130 பேர், அவர்களது ஆய்வகங்களைக் காப்பவர்கள் எத்தனை பேர்?