பைராம் தோட்டமும் நில மேம்பாட்டுச் சட்டங்களும்: கெரான் இல்லாதவர்கள் எங்கே முறையிடலாம்?

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், நிபோங் திபாலை ஒட்டியுள்ள பைராம் தோட்டத்திற்குச் செம்பனை நிலங்களும், பைராம் காப்புக்காட்டின் அலையாத்தி மரங்களும், புலாவ் பூரோங் குப்பைக் கிடங்கும் அண்டை. 2022 ஜனவரியில் அக்கிடங்கு தீப்பற்றியபோது எழுந்த புகை, நிலப் பயன்பாடு குறித்து அலுவலகங்களில் எடுக்கப்படும் முடிவுகள் தோட்டத்து மக்களின் மூச்சுவரை வந்து சேர்வதை உணர்த்தியது. மக்கும் குப்பைக்குள் மீத்தேன் வாயு தேங்குவதால், மேற்பரப்பில் நீர் பாய்ச்சிய பின்னும் அடியில் தணல் நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். குப்பையில் ஊறி இறங்கும் மழைநீரோ உலோகங்களையும் அழுகலையும் கரைத்துக்கொண்டு கறுத்த கசிநீராக வடியும்; அதனை எந்த அளவுக்குச் சுத்திகரித்த பின் வெளியேற்றலாம் என்பதற்கு 2009ஆம் ஆண்டின் விதிமுறைகள் வரம்பு விதித்துள்ளன.

1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, திட்ட அனுமதியின்றி எவரும் நிலத்தை மேம்படுத்த முடியாது. இப்பகுதியில் அந்த அனுமதியை வழங்குவது செபராங் பிறை மாநகராட்சி மன்றம். உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லாத இடங்களில், அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பி, ஆட்சேபிக்க 21 நாள் அவகாசம் தர வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. சிக்கல் 'உரிமையாளர்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. தலைமுறைகளாக லயன் வீட்டில் வாழ்ந்தாலும், கெரான் எனப்படும் நிலப்பட்டா கையில் இல்லாத தோட்டப் பாட்டாளிக்கு அந்த அறிவிப்பு வருவதில்லை. புகையையும் கசிநீரையும் முதலில் எதிர்கொள்பவரைச் சட்டம் கடைசியில் நிறுத்துவது நியாயமன்று.

ஆயினும் பட்டா கேட்காத வழிகள் உண்டு. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது எவரும் எழுத்து வடிவில் ஆட்சேபிக்கலாம். விளைநிலம் தொழிற்பேட்டையாக மாறுவது பெரும்பாலும் அந்த வரைபடத்தின் வண்ணங்களில்தான் தொடங்குவதால், இக்கட்டமே முக்கியமானது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டை, அதாவது நிலத்திற்கும் நீருக்கும் காற்றுக்கும் விளையக்கூடிய கேடுகளை முன்கூட்டியே ஆராயும் அறிக்கையை, கட்டாயமாக்குகிறது. 2015ஆம் ஆண்டு ஆணையின் இரண்டாம் அட்டவணையில் அடங்கும் திட்டங்களாயின், அவ்வறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, கருத்துகள் பெறப்பட வேண்டும். நிலத்தைத் துப்புரவாக்கத் தீ வைப்பதும் குற்றமே. தீ எரிந்த இடத்தின் உரிமையாளரோ அதனைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரோ, தமக்குத் தொடர்பில்லை என மெய்ப்பிக்காவிடில், சட்டத்தை மீறியவராகக் கருதப்படுவார்.

தோட்டத்தைத் துண்டாடி விற்பதற்கும் கடிவாளம் உண்டு: தொடர்ச்சியாக 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பிரித்துப் பலருக்கு மாற்றுவதற்கு, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி, தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். அரசு அமைப்புகளின் முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் நீதிப்புனராய்வு கோருவோர் பொதுவாக 3 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வாக்குறுதிகளை நம்பிக் காத்திருந்து அந்தக் காலத்தைத் தவறவிடுவது பேரிழப்பு.

கோலாலம்பூரின் ரிம்பா கியாரா பூங்கா வழக்கில், பூங்கா நிலத்தில் வீடமைப்புத் திட்டத்திற்கு அளிக்கப்பட்ட மேம்பாட்டு ஆணையை ரத்து செய்த தீர்ப்பைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் நிலைநிறுத்தியது. குடியிருப்பாளர்களின் குரலுக்குத் திட்டமிடலில் இடமுண்டு என்பதை அது உறுதிப்படுத்தியது. ஆனால், அத்திட்டத்தின் வழியே நிரந்தர வீடு கிடைக்கும் என எதிர்பார்த்திருந்தவர்கள் புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் பாட்டாளிக் குடும்பங்களே. பசுமையையும் பாட்டாளியின் வீட்டையும் எதிரெதிரே நிறுத்தும் திட்டம் தொடக்கத்திலேயே பிழையானது. அவ்விரண்டையும் ஒருசேரக் கோரும் மனுவே பைராம் போன்ற தோட்டங்களுக்குப் பொருந்தும்.

சுற்றுச்சூழல் துறையிடம் அளிக்கும் புகாரில் நாள், நேரம், காற்றின் திசை, வாய்க்கால் நீரின் நிறம், நோயுற்றோரின் மருத்துவச் சீட்டு ஆகியவை இடம்பெற வேண்டும். பெற்றுக்கொண்டதற்கான அலுவலக முத்திரை பதிந்த நகல் ஒன்று குடியிருப்பாளர்களிடம் இருப்பது, பின்னர் வழக்கு எழும்போது முதல் சான்றாக அமையும்.