குளிர் மலைத் தோட்டத்தில் ஆனைக் கற்றாழை

உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் வீட்டு முகப்பிலும் பாறைத் தோட்டத்திலும் ஆனைக் கற்றாழை வளர்க்கப் பலரும் விரும்புகின்றனர். சமவெளியில் ரயில் பாதை ஓரத்திலும் வேலியிலும் கவனிப்பாரின்றி வளரும் இச்செடி, மலையில் விலை கொடுத்து வாங்கி நட்டும் சில சமயம் ஓரிரு ஆண்டுகளில் அழுகிவிடுகிறது. பழி குளிரின் மீது விழுகிறது. உண்மையில் பெரும்பாலும் செடியைக் கொல்வது, குளிர் நாட்களில் வேரடியில் தேங்கும் ஈரமே.

இதன் தாயகம் மெக்சிகோ. அங்கு வறண்ட, கல் நிறைந்த சரிவுகளில் வளர்கிறது. தடித்த மடல்களில் நீரைச் சேமித்து வைக்கும். மடலில் உள்ள நுண்துளைகளை இரவில் திறந்து பகலில் மூடிக்கொள்வதால் நீரிழப்பும் குறைவு. எனவே வறட்சியை எளிதில் தாங்கும். மண் உலர்ந்திருந்தால் ஓரளவு உறைபனியையும் தாங்கும். முள்ளில்லாத அட்டெனுவேட்டா வகை பனியைத் தாங்காது. அதைத் தொட்டியில் வைத்து, பனி நாட்களில் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும்.

நடவு

நாள் முழுவதும் வெயில் படும் சரிவான இடம் ஏற்றது. சமதளமானால் 1 அடி உயரத்துக்கு மேடு அமைத்து நட வேண்டும். தோட்ட மண் 2 பங்கு, பருமணல் 2 பங்கு, பொடி ஜல்லி 1 பங்கு என்ற கலவை போதும். தொழு உரம் மிகுந்தால் மடல்கள் இளகி, பனியில் கருகும். மடல் நுனி முள் கண்ணைக் குத்தக்கூடியது. ஆகவே நடைபாதையிலிருந்து 6 அடியாவது தள்ளி நடுதல் வேண்டும்.

தாய்ச்செடியைச் சுற்றி முளைக்கும் பக்கக் கன்றுகளை வேருடன் பிரித்து, வெட்டுவாய் காய ஒரு வாரம் நிழலில் வைத்து, பின்னர் நடலாம். பனி நீங்கிய மார்ச் மாதம் நட்டால், ஜூன் மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

பராமரிப்பு

கோடையில் 10 முதல் 15 நாளுக்கு ஒரு முறை, மண் நன்கு காய்ந்த பின் நீர் விட்டால் போதும். மழைக் காலத்திலும் டிசம்பர், ஜனவரி மாதங்களிலும் நீர் வேண்டாம். உறைபனி விழும் இரவில் சணல் சாக்கால் மூடி, காலையில் எடுத்துவிட வேண்டும். தொட்டிச் செடியை மழைக்குத் தாழ்வாரத்தில் வைப்பது நலம்.

அடி மடல்கள் மஞ்சளாகி, தண்டு மெத்தென்று ஆனால் அழுகல் தொடங்கிவிட்டது எனலாம். உடனே தோண்டி எடுத்து, வெண்மையான சதை தெரியும் வரை அழுகலைச் செதுக்கி, நன்கு காய வைத்து, புது மண்ணில் நட வேண்டும். குருத்தும் அழுகியிருந்தால் தாய்ச்செடி பிழைக்காது. நல்ல கன்றுகளை மட்டும் பிரித்துக் காப்பாற்றலாம்.

எச்சரிக்கை

இதைச் சோற்றுக் கற்றாழை என்று எண்ணி உண்பதோ, தோலில் பூசுவதோ கூடாது. இதன் சாறு அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். மடல் வெட்டும்போது கையுறை அவசியம்.

10 முதல் 30 ஆண்டுகள் வளர்ந்தபின், 20 அடிக்கும் மேலான பூந்தண்டை ஒரே ஒரு முறை விட்டு, ஆனைக் கற்றாழை பட்டுப்போகும். அது நோயல்ல, செடியின் இயல்பு. அதற்கு முன்பே இரண்டு கன்றுகளைப் பிரித்து வேறிடத்தில் நட்டு வைத்தால், தோட்டத்தில் ஆனைக் கற்றாழைக்குப் பஞ்சம் வராது.