எறும்பல்லாத எறும்பு

உயிரினங்களை இனங்கண்டு வகைப்படுத்துவது பெயர்களை மனனஞ் செய்யும் வறண்ட முயற்சி என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மையில் அது கண்ணுக்கும் அறிவுக்கும் இடையே நிகழும் ஒரு வழக்கு என்றே நான் கருதுகிறேன். கண் ஒன்று சொல்லும்; அறிவு அதனை ஐயுற்று மீண்டும் பார்க்கச் சொல்லும். இவ்வழக்கினை நன்கு விளக்கவல்ல உயிர் வெல்வெற் எறும்பாகும்.

மழைக்காலத்து மண்ணில் ஊரும் செந்நிறப் பட்டுப்பூச்சியை இதனோடு மயங்குதல் கூடாது. அது எட்டுக் கால் உடையது, சிலந்தியின் உறவு. வெல்வெற் எறும்பு ஆறு கால் பூச்சி. எனினும், பெயரில் எறும்பு இருந்தும் இஃது எறும்பன்று; குளவியே. முத்தில்லிடே என்னும் இக்குடும்பத்தில் 4000இற்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. பெண்ணுக்குச் சிறகில்லை. உடலை மூடிய அடர்ந்த மயிர் பல இனங்களில் சிவப்பும் செம்மஞ்சளும் கருமையுமாகப் பளிச்சிடும். நிலத்தில் விரைந்தோடும் அதனைக் கண்டோர் எறும்பென்று கொண்டதில் வியப்பில்லை. ஆயினும், எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்க, இதன் உணர்கொம்பு அவ்வாறு மடிவதில்லை. வயிற்றின் இரண்டாம் வளையத்தின் இருமருங்கிலும் நுண்மயிர் செறிந்த மெல்லிய கோடு இக்குடும்பத்தின் பெரும்பாலான இனங்களில் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் இக்கோட்டைத் தேடுவதே ஆராய்ச்சியாளர் வழக்கம்.

சுவீடன் நாட்டு லின்னேயசு 1758ஆம் ஆண்டில், குளவி, தேனீ, எறும்பு ஆகியவற்றைக் கொண்ட வருணத்தின் கடைசிச் சாதியாக, எறும்பை அடுத்து, முத்தில்லாவை வைத்தார். தோற்றம் அவ்வாறு வைக்கச் செய்தது. 2013இல் வெளியான மரபணு ஆய்வோ, எறும்புக்கு அணித்தான உறவினர் தேனீக்களும் அவற்றை ஒட்டிய குளவிகளுமே என்று காட்டிற்று. வெல்வெற் எறும்பு வேறொரு கிளையைச் சேர்ந்தது. உருவ ஒற்றுமை வேறு, உறவு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி, இக்குடும்பத்தின் பெருஞ்சிக்கலைக் கூறுகிறேன். பெண் சிறகின்றி நிலத்தில் ஓட, ஆண் பெரும்பாலும் சிறகுடன் பறந்து திரிகிறது. நிறமும் பருமனும் பல இனங்களில் வேறுபடும். ஒன்றை ஓரிடத்திலும் மற்றதை வேறோரிடத்திலும் பிடித்த ஆய்வாளர், அவை ஓரினத்தின் இரு பால் என்பதை எங்ஙனம் அறிவர்? எனவே ஆணுக்கொரு பெயரும் பெண்ணுக்கொரு பெயருமாக ஓரினமே இரண்டு இனங்களாகப் பட்டியல்களில் இடம்பெற நேர்ந்தது. இன்றும் பல இனங்கள் ஒரு பாலால் மட்டுமே அறியப்பட்டுள்ளன.

இரண்டையும் இணைத்தற்குப் பழைய வழிகள் மூன்று. கூடியிருக்கும்போதே பிடித்தல் ஒன்று. கூடாத பெண்ணைக் கூண்டில் வைத்து, அதன் மணத்தை நாடி வரும் ஆண்களைக் கண்டறிதல் மற்றொன்று. தேனீ, குளவி ஆகியவற்றின் கூட்டிலே இவற்றின் புழுக்கள் வளர்தலால், ஒரே கூட்டிலிருந்து வெளிப்படும் இரு பாலையும் ஒப்பிடுதல் மூன்றாவது. 2006இல் பில்கிரிம், பிற்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் மரபணுவை ஒப்பிட்டு ஆணையும் பெண்ணையும் இணைக்கும் முறையை வெளியிட்டனர். கூடியிருக்கக் காணும் நற்பேறு வாய்க்காவிடினும் இனி இணைக்க வழியுண்டு.

நிறத்தை மட்டும் நம்பி இனங்காண்பதும் இயலாது. வட அமெரிக்காவின் தாசிமுத்தில்லா சாதியை எடுத்துக்கொள்வோம். அங்கே வெவ்வேறு இனங்கள் ஒரே பிரதேசத்தில் ஒரே நிறக்கோலம் பூண்டுள்ளன. இவற்றை ஆறு கூட்டங்களாக வகுத்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. இதற்குக் காரணம் பெண்ணின் கொடுக்கு. அது நீண்டது, கொட்டினால் கடும் வேதனை தரும். ஓரினத்திடம் பாடங்கற்ற பறவை, அதே நிறமுள்ள ஏனையவற்றையும் தீண்டாது விடுகிறது. சீருடையால் எல்லாரும் பயனடைகின்றனர். ஆனால் சீருடையைக் கண்டு ஆளை அறிய முயல்வோர் ஏமாறுவர். அங்கு மக்கள் இதனைப் பசுக்கொல்லி என்றும் அழைப்பர். பசுவைக் கொல்லும் வலிமை இதற்கு இல்லை. நாட்டார் பெயர் வேதனையைச் சொல்கிறது, உறவைச் சொல்லவில்லை.

நம் நாட்டுக்கும் இவ்வாய்வில் பங்குண்டு. இந்தியா, பர்மா, இலங்கை ஆகியவற்றின் குளவிகளையும் தேனீக்களையும் பற்றி பிங்காம் எழுதிய நூல் 1897இல் வெளியாயிற்று. அதில் இக்குளவிகளுட் பெரும்பாலானவை முத்தில்லா என்ற ஒரே சாதியில் அடக்கப்பட்டிருந்தன. உருசிய அறிஞர் லெலே 2005இல் கீழைத்தேய இனங்களின் பட்டியலை வெளியிட்டபோது அவை பல சாதிகளாகப் பிரிந்து நின்றன. பூச்சி மாறவில்லை, அதனைப் பற்றிய நம் அறிவு மாறிற்று.

ஓர் இனத்தின் பெயர் முடிந்த முடிபன்று என்பதே இவற்றால் நான் அறிவது. இவ்வாணும் இப்பெண்ணும் ஒன்று, இவ்விரண்டும் வேறு என்று ஆய்வாளன் சான்றுடன் கூறும் கூற்றே பெயராகும். புதிய சான்று வரின் அது திருத்தப்படும். துணையை அறியாத பாதிப் பெயர்கள் இன்னும் பட்டியல்களில் காத்திருக்கின்றன. அவற்றை முழுமையாக்கப் பெருஞ் செல்வமோ பெரிய ஆய்வுகூடமோ மட்டும் போதா. மணற்றரையில் ஓடும் சிற்றுயிரின் முன் பொறுமையோடு அமர்ந்து பார்க்கும் கண்களும் வேண்டும்.